கீசர் ட்ரிப் ஆகிறதா, ஷாக் அடிக்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

கீசரில் கோளாறு வந்தால் நிறைய வீடுகளில் நடப்பது இதுதான். எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) விழுந்தால் தூக்கி விடுவார்கள். மறுபடியும் விழுந்தால் இன்னும் பெரிய எம்.சி.பி. போடுவார்கள். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்துவிடுவார்கள். அப்புறம் எதுவும் விழாது. பழுது மட்டும் உள்ளேயே இருக்கும், அதற்குக் கீழே நனைந்த உடம்போடும் வெறுங்காலோடும் ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார். அந்த நிலைமை எந்த வீட்டிலும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. எப்போது விழுகிறது, எது விழுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யக்கூடியவை: டி.பி. பாக்ஸில் (எம்.சி.பி.க்கள் எல்லாம் இருக்கும் பெட்டி) எம்.சி.பி.யை இறக்குவது, காய்ந்த கையோடு பிளக்கை உருவுவது, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துவது, பார்ப்பது, முகர்வது, நேரம் குறிப்பது. கீசரின் மூடியைத் திறப்பது, வயரைத் தொடுவது, எர்த்தைச் சோதிப்பது எல்லாம் வயர்மேன் லைசென்ஸ் உள்ளவர் செய்ய வேண்டியவை. அவர் வந்து என்ன பார்க்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பல நேரம் நாம் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

முதலில், சரியான இணைப்பு எப்படி இருக்கும்?

15 அல்லது 25 லிட்டர் பிடிக்கும் தொட்டி கீசர் பெரும்பாலும் 2000 வாட். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அதனால் டி.பி. பாக்ஸிலிருந்து கீசருக்கென்று தனி லைன் வேண்டும். வயர் 2.5 சதுர மி.மீ. காப்பர், தூரம் அதிகம் என்றாலோ 3000 வாட் என்றாலோ 4 சதுர மி.மீ. எர்த் வயரும் ஃபேஸ் வயரின் பருமனிலேயே இருக்கட்டும். 2000 வாட்டுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போதும். அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்சாக இருப்பது நல்லது. ஏன் இரண்டையும் துண்டிக்க வேண்டும் என்பதைக் கீழே ஆர்.சி.சி.பி. பகுதியில் சொல்கிறேன்.

நிறத்தில் ஒரு குழப்பம் உண்டு. நம் வீட்டு வயரிங்கில் ஃபேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றில் எதுவும் வரலாம், நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. கீசரோடு வரும் கேபிளில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஆக, சுவரிலிருந்து வரும் நீலம் ஃபேஸாகவும், கீசரிலிருந்து வரும் நீலம் நியூட்ரலாகவும் இருக்கலாம். நிறத்தை நம்பி இணைக்காமல், மீட்டர் வைத்துப் பார்த்து இணைக்கச் சொல்லுங்கள்.

குழாயைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது

இதுதான் மிக ஆபத்தான அறிகுறி. "லேசாகத்தானே அடிக்கிறது" என்று விடவே கூடாது. இன்று லேசாக அடிப்பதற்குக் காரணம் கால் காய்ந்திருந்ததாகவோ, கசிவு சின்னதாக இருந்ததாகவோ இருக்கலாம். நாளைக்கு இரண்டும் மாறலாம்.

உடனே வெளியே வாருங்கள். குளியலறைக்குள் இருக்கும் ஸ்விட்சைத் தேடாதீர்கள். டி.பி. பாக்ஸில் கீசர் எம்.சி.பி.யை இறக்குங்கள், எது கீசருடையது என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். வீட்டில் உள்ள எல்லாரிடமும் சொல்லி, அந்தக் குளியலறையைப் பூட்டிவிடுங்கள். மறுபடி குழாயைத் தொட்டுப் பார்த்து "இப்போ இல்லை" என்று யாரும் சோதிக்க வேண்டாம். டெஸ்டர் எரியவில்லை என்பதை வைத்தும் கரண்ட் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

எலக்ட்ரீஷியன் வந்ததும் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, குழாயின் உலோகத்துக்கும் நம்பகமான ஓர் எர்த்துக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கட்டும். டிஜிட்டல் மீட்டர் சில நேரம் 40, 50 வோல்ட் என்று வெறும் நிழலை, அதாவது பொய்யான அளவைக் காட்டும். அந்த இரண்டு முனைக்கு இடையில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்துப் பார்த்தால், நிழல் என்றால் அளவு சட்டென்று விழுந்துவிடும். உண்மையான கசிவு என்றால் நிற்கும், அல்லது ஆர்.சி.சி.பி. விழும்.

அப்புறம் கீசர் பிளக்கை உருவிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இங்கே மூன்று வழி பிரியும்.

பிளக்கை உருவியதும் வோல்டேஜ் போய்விட்டால், கசிவு கீசரில்தான். ஆனால் இதில் இரண்டு பழுது இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். காயில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் பாகம், கசிகிறது என்பது ஒன்று, எர்த் வேலை செய்யவில்லை என்பது இன்னொன்று. எர்த் சரியாக இருந்திருந்தால் கசிவு அந்த வழியே மண்ணுக்குப் போயிருக்கும், ஆர்.சி.சி.பி. இருந்தால் அதுவும் விழுந்திருக்கும், குழாயில் வோல்டேஜ் நின்றிருக்காது. காயிலை மட்டும் மாற்றிவிட்டுப் போனால், அடுத்த காயிலில் வெடிப்பு விழும் நாளில் இதே ஷாக் மறுபடி வரும்.

பிளக்கை உருவியும் வோல்டேஜ் அப்படியே இருந்து, மெயினை இறக்கினால்தான் போகிறது என்றால், கீசர் மேல் தவறில்லை. மோட்டார், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் என்று வேறு ஏதோ ஒன்று கசிகிறது. வீட்டின் எர்த் வயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கூட்டம் மண்ணோடு சரியாகச் சேராவிட்டால், எங்கோ கசியும் கரண்ட் எர்த் வயர் வழியாகவே எல்லாச் சாதனங்களின் உடம்புக்கும் ஏறிவிடும். கீசர் பிளக்கை உருவிய பிறகும் குழாயில் நிற்கிறது என்றால் மோட்டார் வழியாகவோ, இரும்புக் குழாய் வழியாகவோ வருகிறது என்று பொருள். ஒவ்வொரு சாதனமாக உருவிக்கொண்டே அளந்தால் எதை உருவும்போது விழுகிறதோ அதுதான் காரணம்.

மெயினை இறக்கியும் போகவில்லை என்றால், கரண்ட் வெளியிலிருந்து வருகிறது. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக் கீசரோ, பொது மோட்டாரோ கசிந்து, பொது எர்த் வழியாக உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். குடியிருப்போர் சங்கத்திடம் சொல்லி எல்லா வீட்டுக்கும் எச்சரிக்கை கொடுங்கள். தெருவில் நியூட்ரல் கோளாறு என்ற சந்தேகம் இருந்தால், அதாவது விளக்குகள் வழக்கத்தை விட ரொம்பப் பிரகாசமாகவோ மங்கலாகவோ எரிந்தால், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

எர்த்தில் செய்யும் ஏமாற்று வேலை

பழைய வீடுகளில் எர்த் வயரே இருக்காது. மூன்று பின் சாக்கெட் போட வேண்டும் என்று வந்ததும், சிலர் சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயரைக் கொடுத்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும், எர்த் இருக்கிற மாதிரியே தெரியும். இதை விட மோசமான வேலை வயரிங்கில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் இதுதான். நியூட்ரல் வயர் எங்காவது லூஸாகிக் கழன்றால், காயில் வழியாக வரும் 230 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு வயர் வழியே கீசரின் உடம்புக்கு வந்துவிடும். மின்கம்பத்தில் வேலை நடந்து ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் காயில் கூட நடுவில் வேண்டாம், தொட்டியும் குழாயும் நேரடியாக ஃபேஸ் ஆகிவிடும். சாதாரண நாளில் கசியும் கரண்டும் அதே நியூட்ரல் வழியாகத் திரும்பிவிடுவதால், ஆர்.சி.சி.பி.க்கும் கசிவு தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க, இரண்டு வயரையும் துண்டிக்கும் மெயினை இறக்கி, எல்லாப் பிளக்கையும் உருவி, கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகு, சாக்கெட்டின் நியூட்ரல் துளைக்கும் எர்த் துளைக்கும் இடையே மீட்டரில் ஓம் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் எங்கோ இணைத்திருக்கிறார்கள். சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால் முதலில் எர்த் குழியைப் பாருங்கள். குழாயோடு வயர் சேரும் போல்ட் துருப்பிடித்து வயர் ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருப்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடிய காட்சி. வீட்டுக்கு டைல்ஸ் போடும்போது அந்த வயரை வெட்டி விட்டிருப்பதும் உண்டு. கரியும் உப்பும் போட்ட குழி கோடையில் காய்ந்து போகும், தண்ணீர் ஊற்றினால் எதிர்ப்பு குறையும். வீடுகளுக்கு 5 ஓமுக்குள் இருந்தால் நல்ல எர்த் என்று எலக்ட்ரீஷியன்கள் எடுத்துக்கொள்வார்கள். நூறு வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கொடுத்துப் பார்க்கும் பழைய முறையில் ஓர் ஆபத்து உண்டு: எர்த் சரியில்லாத வீட்டில், பல்பு வைத்திருக்கும் அந்த நேரத்தில் எல்லாச் சாதனங்களின் உடம்பிலும் வோல்டேஜ் ஏறும். அப்படிச் சோதிக்கும்போது வீட்டில் யாரும் ஃபிரிட்ஜைக் கூடத் தொடக்கூடாது.

எர்த் நன்றாக இருக்கிறது, ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எர்த் 5 ஓம் என்று வையுங்கள். ஃபேஸ் வயர் நேராகத் தொட்டியில் பட்டாலும் மண்ணுக்குள் போவது 230 வகுத்தல் 5, அதாவது 46 ஆம்பியர்தான் அதிகபட்சம். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். ஆக, எம்.சி.பி. பல நொடிகள் யோசித்துக்கொண்டிருக்கும், அதுவரை தொட்டியில் ஆபத்தான வோல்டேஜ் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இரண்டுமே வேண்டும். ஒன்று இருக்கிறது என்று இன்னொன்றை விடக்கூடாது.

ஆர்.சி.சி.பி. விழுகிறது

எப்போது விழுகிறது என்பதுதான் கேள்வி.

ஸ்விட்ச் போட்ட அதே நொடியில் விழுந்தால், மூடிக்குள் ஏதோ ஒன்று தொட்டியின் உலோகத்தில் நேராகத் தொடுகிறது. சூட்டில் வெந்துபோன வயரின் உறை உரிந்து காப்பர் தகரத்தில் பட்டிருக்கும். காயில் பொருந்தும் இடத்தில் உள்ள ரப்பர் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் கசிந்து டெர்மினலில் சொட்டியிருக்கும். பல்லி உள்ளே போய்ச் செத்துக் கிடப்பதும் உண்டு. மூடியைத் திறந்தாலே இவை கண்ணுக்குத் தெரியும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த டெர்மினலைக் கண்டால் கேஸ்கெட் கசிவுதான். துடைத்துவிட்டு மூடினால் போதாது, கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டும்.

போட்டுச் சில நிமிடங்கள் கழித்து விழுந்தால், பெரும்பாலும் காயில். காயில் என்பது உள்ளே ஒரு மின்தடைக் கம்பி, அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி, வெளியே உலோகக் குழாய். அந்தப் பொடி கரண்டைத் தடுக்கும், சூட்டைக் கடத்தும். வெளிக்குழாயில் தலைமயிர் அளவு வெடிப்பு விழுந்தால் தண்ணீர் பொடியில் ஏறும், பொடி கரண்டை விட ஆரம்பிக்கும். குளிர்ந்திருக்கும்போது வெடிப்பு மூடியிருந்து, சூடேறி விரியும்போது கசிவு பெரிதாகும். அதனால்தான் முதல் சில நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. சாதாரண மல்டிமீட்டர் சின்ன பேட்டரியில் அளப்பதால் இதைக் காட்டாமல் விடலாம். 500 வோல்ட் மெகர் (அதிக வோல்டேஜ் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் மீட்டர்) வைத்து, காயில் முனைக்கும் தொட்டிக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள், காயில் சூடாக இருக்கும்போதே அளந்தால் இன்னும் நல்லது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் அந்தக் காயிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காயிலை ரிப்பேர் செய்ய முடியாது.

கோடை முழுக்கப் போடாமல் இருந்து ஐப்பசி மழையில் முதல்முறை போடும்போது விழுந்தால், காயிலின் முனைகள் வழியாகப் பொடி ஈரம் இழுத்திருக்கலாம். சிலர் அதைக் காய வைத்து மறுபடி போடுவார்கள். மெகரில் முழுசாகத் தேறினால் ஒழிய, குளியலறையில் தொங்கும் ஒரு பொருளுக்கு நான் அதைச் சம்மதிக்க மாட்டேன்.

காயில் ஏன் வெடிக்கிறது என்றால், போர் தண்ணீரின் உப்பு. தண்ணீர் சூடேறும்போது சுண்ணாம்பு காயில் மேல் ஓடு மாதிரி படியும். காயில் அதே 2000 வாட்டைத்தான் வெளிவிடுகிறது, ஆனால் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் குழாயிலேயே தங்கும். உலோகம் தாங்காமல் வெடிக்கும். கீசர் ஓடும்போது கடகடவென்று கொதிக்கும் சத்தம் கேட்டால் படிவு ஏறிவிட்டது என்று பொருள். அந்த நிலையிலேயே காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்து, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பி தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிட்டால் தொட்டியும் காயிலும் பிழைக்கும்.

இனி, ரொம்பப் பேரைக் குழப்பும் அறிகுறி: கீசர் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறது, ஆனாலும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. மிக்சி போட்டால் விழும், அயர்ன் பாக்ஸ் போட்டால் விழும். மிக்சி மேலும் அயர்ன் பாக்ஸ் மேலும் பழி போடுவார்கள். சாதாரண ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். கீசரின் நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். காயிலின் நியூட்ரல் முனைக்குப் பக்கத்தில் வெடிப்பு இருந்தால், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு பாதை உருவாகிவிடும். மிக்சி வழியாகப் போன கரண்டில் ஒரு பங்கு நியூட்ரலில் திரும்பாமல் கீசர் வழியாக மண்ணுக்குப் போகும். போனதும் வந்ததும் சமமாக இல்லை என்று ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். கீசர் பிளக்கை முழுசாக உருவிவிட்டு மிக்சியைப் போட்டுப் பாருங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி கீசர். டபுள் போல் ஸ்விட்ச் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அது நியூட்ரலையும் துண்டிப்பதால், ஆஃபில் இருக்கும் கீசர் மற்றவற்றோடு சம்பந்தப்படாது.

எந்த ஒன்றைப் போட்டாலும் விழவில்லை, எல்லாம் சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுகிறது என்றால், சின்னச் சின்னக் கசிவுகள் கூடுகின்றன. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். கீசருக்கு மட்டும் தனி ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) போட்டால் எது கசிகிறது என்று உடனே தெரியும், வீடு முழுக்க இருட்டாகவும் ஆகாது.

எம்.சி.பி. விழுகிறது

போட்டவுடன் டப்பென்று விழுந்து, தூக்கினால் மறுபடி டப்பென்று விழுந்தால் ஷார்ட். அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். பிளக்கை உருவிவிட்டு ஒரே ஒரு முறை தூக்குங்கள். நின்றால் பழுது கீசருக்குள், நிற்காவிட்டால் சுவருக்குள் போகும் வயரிலோ சாக்கெட்டிலோ.

பத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால், கரண்ட் அதிகமாகப் போகிறது அல்லது எம்.சி.பி.யே சூடாகிறது. பழைய 2000 வாட் கீசரை எடுத்துவிட்டு 3000 வாட் மாட்டியிருக்கிறீர்களா? அதே லைனில் வாஷிங் மெஷினும் ஓடுகிறதா? இரண்டும் இல்லை என்றால் எம்.சி.பி.யின் ஸ்குரூ லூஸாக இருக்கலாம். லூஸ் ஸ்குரூவின் சூடு உள்ளே ஏறி, சரியான கரண்டிலேயே அதை விழ வைக்கும். வயர் முனை கறுத்திருந்தால் அதுதான்.

16 விழுகிறது என்று 32 போடுவதை எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை. 2.5 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், எம்.சி.பி. விழும் முன் வயர் வெந்துவிடும்.

பிளக் சூடாகிறது, கருகல் வாடை வருகிறது

சாக்கெட்டை உற்றுப் பாருங்கள். மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, ஓரம் லேசாக உப்பியிருக்கும். பிளக்கை உருவினால் அந்த ஒரு பின் மட்டும் பளபளப்புப் போய் நீலமும் கறுப்புமாக இருக்கும். சில நேரம் மீன் வாடை மாதிரி ஒன்று வரும். இவை எல்லாம் லூஸ் கான்டாக்ட்.

அந்தத் தொடுமுனையில் 0.2 ஓம் எதிர்ப்பு சேர்ந்தாலே போதும். 8.7 ஆம்பியரில் அந்த இடத்தில் மட்டும் 15 வாட் சூடு பிறக்கும். ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் அதே 15 வாட்டில்தான் வேலை செய்கிறது. 3000 வாட் கீசர் என்றால் அதே இடத்தில் 34 வாட். எம்.சி.பி.க்கும் ஆர்.சி.சி.பி.க்கும் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் கூடவும் இல்லை, கசியவும் இல்லை. கண்ணும் மூக்கும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் சூடு, நிறம், வாடை மூன்றில் எது தெரிந்தாலும் கீசரை நிறுத்துங்கள்.

பிளக்கை மட்டும் மாற்றினால் சாக்கெட்டின் தளர்ந்த ஸ்பிரிங் புதுப் பிளக்கையும் எரிக்கும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கறுத்த காப்பரைப் பளிச்சென்று தெரியும் வரை வெட்டிவிட்டு, எல்லா இழையையும் சேர்த்து ஸ்குரூவில் இறுக்க வேண்டும். டெர்மினலில் நுழையவில்லை என்று இழைகளைக் கத்தரிப்பவர்களைத் தடுத்துவிடுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட், கன்வர்ட்டர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் கீசருக்கு ஆகாது. 3000 வாட் என்றால் பிளக்கே இல்லாமல் டபுள் போல் ஸ்விட்சிலிருந்து நேராக இணைப்பது நல்லது. பழைய வீட்டில் அலுமினிய வயர் இருந்தால், அதைக் காப்பரோடு முறுக்கிச் சேர்க்காமல் டி.பி. பாக்ஸிலிருந்தே புது காப்பர் லைன் இழுத்துவிடுங்கள்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை

காயில் அறுந்திருக்கும். கரண்டை நிறுத்தி, காயிலின் ஒரு வயரைக் கழற்றி ஓம் பார்த்தால், 2000 வாட் காயில் சுமார் 26, 3000 வாட் காயில் சுமார் 18 காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். விளக்கே எரியவில்லை என்றால் சப்ளை, அடுத்து தெர்மல் கட்-அவுட் (சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிப்பது). சில கீசரில் கட்-அவுட்டை ஒரு சின்னப் பட்டனை அழுத்தி மீட்கலாம். மறுபடியும் விழுந்தால் பட்டனை விட்டுவிட்டு, தண்ணீர் சூடானதும் காயிலை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

புதுக் காயில் மாட்டிய உடனே அறுந்தால், தொட்டியில் தண்ணீர் இல்லாமல் போட்டிருப்பார்கள். காற்றில் சில நிமிடத்தில் காயில் வெந்துவிடும். மேல்தொட்டியைக் கழுவிய நாளில் இது அதிகம் நடக்கும்.

சூடாக ரொம்ப நேரமாகிறது

முதலில் கணக்கு. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட்டுக்குச் சுமார் 18 நிமிடம் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் மார்கழியில் தண்ணீர் 12 டிகிரியில் வந்தால் 25 நிமிடம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் காயில் 1225 வாட்தான் தரும், 18 நிமிட வேலை அரை மணி நேரமாகும். கீசரை மாற்றும் முன் காலை ஆறு மணிக்கு வோல்டேஜ் அளந்து பாருங்கள்.

வோல்டேஜ் சரி, நேரமும் சரி, ஆனால் ஒரு சொம்பு சூடாக வந்து அப்புறம் வெதுவெதுப்பாகிவிடுகிறது என்றால், பிளம்பர் நீலக் குழாயையும் சிவப்புக் குழாயையும் மாற்றி மாட்டியிருக்கலாம். நீலத்தில் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போக வேண்டும், சிவப்பில் சுடுதண்ணீர் வெளியே வர வேண்டும்.

கொதிக்கிறது, குழாயில் ஆவியும் தண்ணீரும் விட்டுவிட்டுப் பீய்ச்சுகிறது

தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டன, கட்-அவுட்டும் வேலை செய்யவில்லை. டி.பி. பாக்ஸில் நிறுத்திவிட்டு, அந்த அறையிலிருந்து எல்லாரும் விலகுங்கள். ஆற சில மணி நேரம் விடுங்கள். அவசரத்துக்குத் தெர்மோஸ்டாட்டை ஒதுக்கிவிட்டுக் காயிலுக்கு நேரடியாக வயர் கொடுத்த கீசரை ஒரு நாள் கூட ஓட்டக்கூடாது. பழுது பார்த்தவர் போன பிறகு நீங்களே இதைச் சோதிக்கலாம்: 15 லிட்டர் கீசர் என்றால் இருபது முப்பது நிமிடத்தில் விளக்கு தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் நிறுத்திவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

கீசரின் பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டுகிறது

சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலை வேண்டாம். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது 200 மில்லி அளவு விரியும். உள்ளே வரும் குழாயில் தண்ணீரைத் திரும்பிப் போக விடாத வால்வு இருந்தால், விரிந்த தண்ணீர் வெளியே வந்துதான் ஆக வேண்டும். எப்போதும் சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கும், அல்லது பம்பின் அழுத்தம் கீசர் தாங்குவதை விட அதிகம். எதுவானாலும் பாதுகாப்பு வால்வின் துளையைத் துணியோ எம்-சீலோ வைத்து அடைத்துவிடாதீர்கள். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் கைவிட்ட நாளில் தொட்டி வெடிக்காமல் காப்பது அந்தத் துளை மட்டும்தான்.

பழுது பார்த்த பிறகு, முதல் குளியலுக்கு முன்

சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், காற்றில்லாமல் தண்ணீர் சீராக வரும் வரை கீசருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டாம். குழாயை மூடி, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் ஆர்.சி.சி.பி.யை மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை. அந்தப் பட்டன் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யை மட்டும்தான், எர்த்தை அது சோதிக்காது. எர்த்தைத் தனியாக அளந்து, எண்ணை டி.பி. பாக்ஸின் மூடியில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். கீசரைப் போட்டு, விளக்கு தானாக அணையும் வரை யாரும் குளிக்காமல் காத்திருங்கள். அணைந்ததும் எலக்ட்ரீஷியன் குழாய்க்கும் எர்த்துக்கும் நடுவே ஒருமுறை வோல்டேஜ் பார்க்கட்டும். கடைசியாக டபுள் போல் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கையும் சாக்கெட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக்கூடாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனையும், குளிர்காலம் தொடங்கும் முன் ஸ்குரூக்களின் இறுக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிக்கப் போகும் முன் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை வீட்டில் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.